பின்னே வருவோர்க்கு ஒரு விளக்கு

ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்துள்ள ஊர். விருத்தாசலத்திலிருந்து செயங்கொண்டத்திற்குச் செல்லும் சாலை அவ்வூரின் ஊடே செல்கின்றது. செயங்கொண்டத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், இராசேந்திர சோழன் தலைநகராகக் கொண்டிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். ஆண்டிமடத்தைச் சுற்றிலும் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. பகலில் அச்சாலையில் செல்வோர்க்கு அத்தோப்புகளின் பசுமை கண்ணுக்கு இனிய காட்சியாகும். இரவில் செல்வோர்க்கோ, சாலையின் இருமருங்கும் இருளே துணையாக வரும்.

மோட்டார் ஊர்திகள் பெருகாத காலத்தில் இத்தகைய சாலைகளில் இரவெல்லாம் மாட்டு வண்டிகள் வரிசையாகச் செல்லும். காளைகள் பழகிய வழியில் தாமே நடக்கும். வண்டிக்காரர் மூட்டைகளின்மேல் சாய்ந்து சற்றே கண்ணயர்வதும் உண்டு. ஆயினும், புறப்படுமுன் அவர் மறவாமல் செய்யும் செயல் ஒன்று இருந்தது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை ஏற்றி, வண்டியின் அச்சுக்குக் கீழே அதனைத் தொங்கவிடுவார். அவ்விளக்கு காளைகளுக்கு வழி காட்டுவதற்கு அன்று; வண்டிக்காரர் காண்பதற்கும் அன்று. ‘இங்கே ஒரு வண்டி செல்கின்றது, பார்த்து வருக’ என்று பின்னே வருவோர்க்கு அறிவிப்பதற்கே அவ்விளக்கு ஏற்றப்பட்டது. தனக்குப் பயன்படாத ஒரு விளக்குக்குத் தன் எண்ணெயைச் செலவிடுதல் சிறிய அறமன்று. இன்றைய ஊர்திகளின் பின்விளக்கு அவ்வறத்தின் வழிவந்ததே ஆகும்.

காலம் மாறியது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்த காளை வண்டியின் இடத்தில், மணிக்கு 60, 80 கிலோமீட்டர் விரையும் பேருந்துகளும் கார்களும் வந்தன. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஆதலின் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் அதன் சாலைகளில் இரவும் பகலும் செல்கின்றன. கரும்பு வெட்டும் காலத்தில், டிராக்டர்கள் கரும்பு நிறைந்த டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு மெல்ல ஊர்கின்றன. விரைந்து செல்வனவும் மெல்ல ஊர்வனவும் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்பொழுது, முன்னே செல்லும் ஊர்தியின் பின்விளக்கே பின்னே வருவோரின் உயிர்க்காவல் ஆகின்றது.

பின்விளக்குச் செந்நிறமாக இருப்பது ஏன்? இருளில் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஊர்தியின் உருவம் தெரியாது. விளக்கு மட்டுமே தெரியும். வெண்ணிற விளக்குகள் தோன்றினால் ஊர்தி அவரை நோக்கி வருகின்றது என்பதும், செந்நிற விளக்குகள் தோன்றினால் அது அவருக்கு முன்னே செல்கின்றது அல்லது நிற்கின்றது என்பதும் நொடியில் விளங்கும். நிறமே இங்கு மொழி. மேலும், கண்ணுக்குப் புலனாகும் ஒளிகளுள் செவ்வொளியே மிக நீண்ட அலைகளை உடையது. காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கும் அளவிற்குச் செவ்வொளியைச் சிதறடிப்பதில்லை. இவ்வுண்மையை இராலே என்னும் ஆங்கில அறிஞர் 1871-ஆம் ஆண்டில் விளக்கினார். இருளுக்குப் பழகிய கண்ணைச் செவ்வொளி மிகுதியாகக் கூசச் செய்வதும் இல்லை.

இருப்புப் பாதையிலும் இம்முறையே வழங்குகின்றது. விழுப்புரத்திற்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே செல்லும் பாதையில் அரியலூர் ஒரு நிலையம். தொடர்வண்டி ஒன்று நிலையத்தைக் கடக்கும்பொழுது, அதன் கடைசிப் பெட்டியில் செவ்விளக்கு எரிகின்றதா என்று நிலையத்தார் உற்று நோக்குவர். அவ்விளக்கைக் கண்டால்தான் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது, வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்பது உறுதியாகும். ஒரு சிறு விளக்கு இல்லையெனின், அடுத்து வரும் வண்டிக்கு வழிவிட அவர்கள் துணியார்.

மோட்டார் ஊர்தியின் பின்விளக்கிற்கு இரண்டு கடமைகள் உண்டு. இரவு முழுதும் மங்கலாக எரிந்து ஊர்தியின் இருப்பைக் காட்டுதல் ஒன்று. ஓட்டுநர் தடையை, அஃதாவது பிரேக்கை, மிதித்தவுடன் பளிச்சென்று எரிந்து, ‘வேகம் குறைகின்றது’ என அறிவித்தல் மற்றொன்று. நெடுங்காலமாக இவ்விரு கடமைகளையும் ஒரே பல்பு செய்து வந்தது. அதனுள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் இருக்கும். ஒன்று 5 வாட் திறனுடையது. மற்றொன்று 21 வாட் திறனுடையது. மின்சாரம் பாயும்பொழுது இழை பழுக்கக் காய்ந்து ஒளிவிடும்.

இப்பல்பு எளியது, விலை குறைந்தது, எவரும் மாற்றத்தக்கது. ஆயினும் அதன் குறைகள் சிலவல்ல. அது ஏற்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே ஒளியாகின்றது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. வெளிப்படும் வெள்ளொளியிலும், சிவந்த மூடி தன் நிறத்தை மட்டும் வெளியே விட்டுப் பிறவற்றை விழுங்கிவிடுகின்றது. மேடுபள்ளமான சாலையில் ஊர்தி அதிர்ந்து அதிர்ந்து, நுண்ணிய இழை அறுந்துபோகின்றது. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. குளிர்ந்திருக்கும் இழை காய்ந்து முழு ஒளி தருவதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு காலம் பிடிக்கின்றது.

ஐந்தில் ஒரு நொடி என்பது கண்ணிமைக்கும் நேரமே. அதனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கும். ஐந்தில் ஒரு நொடியில் 3.3 மீட்டர் கடக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அத்தொலைவு 5.6 மீட்டர் ஆகிவிடும். விளக்கு எரியக் காத்திருக்கும் அச்சிறு பொழுதில், பின்னே வரும் ஊர்தி ஒரு காரின் நீளத்திற்கும் மேலாக முன்னேறி விடுகின்றது. இறுதி மூன்று மீட்டர் இல்லாமையால் மோதிய வண்டிகள் எத்தனை! அம்மூன்று மீட்டர் இருந்தமையால் பிழைத்த உயிர்கள் எத்தனை!

இக்குறையைப் போக்க வந்ததே ஒளி உமிழ் டையோடு. மக்கள் இதனை எல்.இ.டி. விளக்கு என வழங்குவர். இதில் இழையும் இல்லை, எரிதலும் இல்லை. குறைகடத்தி எனப்படும் பொருளின் இருவகைப் படலங்கள் இதனுள் ஒட்டியிருக்கும். ஒன்றில் எலக்ட்ரான்கள் மிகுந்திருக்கும். மற்றொன்றில் எலக்ட்ரான்கள் நிரம்ப வேண்டிய வெற்றிடங்கள் மிகுந்திருக்கும். மின்சாரம் பாயும்பொழுது எலக்ட்ரான்கள் அவ்விடங்களில் வந்து விழுகின்றன. அப்பொழுது அவை இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகின்றது. எப்பொருளால் படலம் ஆக்கப்பட்டதோ அதற்கேற்ப ஒளியின் நிறம் அமையும். காய்ந்து சூடேற வேண்டிய தேவை இன்மையால், மின்சாரம் வந்த அளவிலேயே, ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள், இவ்விளக்கு முழு ஒளியையும் தந்துவிடும்.

இவ்வரிய பொருள் ஒரு நாளில் தோன்றியதன்று. 1907-ஆம் ஆண்டில் ஹென்றி ரவுண்டு என்னும் ஆங்கிலேயர், ஒருவகைப் படிகத்தில் மின்சாரம் பாயும்பொழுது மெல்லொளி தோன்றுவதைக் கண்டு குறித்தார். உருசிய நாட்டு ஒலெக் லோசெவ் 1920-களில் அதனை விரிவாக ஆராய்ந்தார். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நிக் ஹோலோனியாக் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் டையோடைச் செய்து காட்டினார். நீல ஒளி தரும் டையோடு கிட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதனைக் கண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. செந்நிறமே முதலில் கிட்டியமையால், ஊர்திகளில் இவ்விளக்கு முன்புறத்தைவிடப் பின்புறத்தில் முந்தி இடம்பெற்றது பொருத்தமேயாகும்.

பின்விளக்கின் அருமையை நன்கு காட்டும் இடம் மோட்டார்ப் பந்தயக் களம். தமிழ்நாட்டில் சோழவரத்திலிருந்த பழைய விமான ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர்ச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்தது. கோயம்புத்தூரும் பந்தயக் கார்கள் செய்வதில் பெயர் பெற்றது. அந்நகரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற ‘ஃபார்முலா ஒன்று’ பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

அத்தகைய கார்களின் பின்புறத்தில் நடுவே ஒரு செந்நிற எல்.இ.டி. விளக்கு பொருத்தப்பட்டிருக்கும். மழை பெய்யும்பொழுது, விரைந்தோடும் அகன்ற சக்கரங்கள் நீரை வாரி இறைத்துப் புகைபோல் எழுப்புகின்றன. பின்னே வரும் வீரருக்கு முன்னுள்ள கார் சிறிதும் தெரியாது. அச்செவ்விளக்கு மட்டுமே மங்கலாகப் புலப்படும். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களும் அவ்வேளையில் முன்னே செல்பவரின் விளக்கை நம்பியே தம் உயிரை ஒப்படைக்கின்றனர்.

பந்தயக் களத்திற்கு வெளியே, பொதுச் சாலையில் ஓடும் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ எனப்படும் விரைவுக் கார்களும் உண்டு. பழைய விரைவுக் கார்களைப் போற்றி வைத்திருப்போர் பலர், அவற்றின் பின்விளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றிக்கொள்கின்றனர். அழகு கருதிச் செய்வோரும் உளர். ஆனால் அதற்கு அழகினும் வலிய காரணம் உண்டு. அத்தகைய கார் எடை குறைந்தது. அதன் தடைகள் வலியவை. எனவே குறுகிய தொலைவில் நின்றுவிடும். அதன் பின்னே வரும் லாரியோ பேருந்தோ அவ்வாறு நிற்க இயலாது. மேலும், அக்கார் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் அதன் விளக்குகளும் தாழ்ந்தே இருக்கும். விரைந்து நிற்கவல்ல ஊர்திக்கு, விரைந்து அறிவிக்கும் கடமையும் உண்டன்றோ?

ஆயினும், பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதோடு வேலை முடிந்துவிடாது. அறியாமல் செய்யும் மாற்றம் நன்மைக்கு மாறாகத் தீமையே தரும்.

முதலாவது, ஒளி செல்லும் திசை. இழை பல்பு நாற்புறமும் ஒளி வீசும். அவ்வொளியை வாங்கிப் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் பகிர்ந்தளிக்கும் வகையில் விளக்கின் உட்குழிவும் மூடியின் வரிகளும் அமைக்கப்பட்டுள்ளன. எல்.இ.டி.யோ பெரும்பாலும் தான் நோக்கும் திசையிலேயே ஒளியைச் செலுத்தும். எனவே, நேர் பின்னே நிற்பவர்க்குக் கண் கூசும். சற்றுப் பக்கமாக வருபவர்க்கோ ஒன்றும் தெரியாது. ஆதலின் பல்பை மட்டும் மாற்றாது, எல்.இ.டி.க்கெனவே வகுத்துச் சோதிக்கப்பட்ட முழு விளக்கையும் பொருத்துதலே நன்று. புனேயிலும், சென்னையை அடுத்த ஒரகடத்திலும் ஊர்திகளையும் அவற்றின் உறுப்புகளையும் சோதிக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன.

இரண்டாவது, நிறம். சிவந்த மூடிக்குப் பின்னே வெண்ணிற எல்.இ.டி.யை வைத்தால், அதன் ஒளியின் பெரும்பகுதி மூடியிலேயே அடங்கிவிடும். ஏனெனில் வெண்ணிற எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. சிவந்த மூடிக்குச் சிவந்த எல்.இ.டி.யே ஏற்றது.

மூன்றாவது, இருவகை ஒளியின் வேறுபாடு. இரவு விளக்கு மங்கலாகவும் தடை விளக்கு அதனினும் பன்மடங்கு பளிச்சென்றும் எரிதல் வேண்டும். மலிவான சில பல்புகளில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். பின்னே வருபவர், முன்னே செல்லும் ஊர்தி வேகம் குறைக்கின்றதா இல்லையா என்பதை அறியமாட்டார். எப்பொழுதும் பளிச்சென்று எரியும் விளக்கு, எப்பொழுதும் கூவிக்கொண்டிருக்கும் காவற்காரனைப் போன்றது. உண்மையான இடர் வரும்பொழுது அவன் குரலை எவரும் பொருட்படுத்தார்.

நான்காவது, திரும்பும் திசையைக் காட்டும் விளக்கு. 12 வோல்ட்டு மின்னழுத்தத்தில் 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அவ்வளவு மின்னோட்டம் செல்வதை வைத்தே விளக்கை இமைக்கச் செய்யும் கருவி இயங்குகின்றது. 2 வாட் எல்.இ.டி. ஏற்பதோ ஏறத்தாழ 0.17 ஆம்பியரே. ஆகவே, ‘பல்பு ஒன்று பழுதாயிற்று’ என்று கருவி தவறாகக் கொண்டு, விளக்கை மிக விரைவாக இமைக்கச் செய்யும். சூட்டினால் இயங்கும் மிகப் பழைய கருவியாயின், விளக்கு இமைக்காமலே நின்றுவிடுவதும் உண்டு. எல்.இ.டி.க்கு ஏற்ற மின்னணுக் கருவியை மாற்றி வைத்தல் இதற்கு நேரிய வழி. சிலர் 6 ஓம் மின்தடை ஒன்றை இணையாகப் பொருத்திக் கருவியை ஏமாற்றுவர். அம்மின்தடை 24 வாட் ஆற்றலை வெப்பமாக்கும். அதனை உலோகத் தகட்டில் இறுகப் பொருத்தாமல் கம்பிகளுக்கிடையே தொங்கவிட்டால், கம்பியின் உறை உருகித் தீப்பற்றவும் கூடும்.

இவற்றோடு சட்டத்தையும் கருதுதல் வேண்டும். தயாரித்தவர் வகுத்த அமைப்பினின்றும் மாறுபடும்படி ஊர்தியை மாற்றுவதனை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஒருவரின் விருப்பம் மற்றொருவரின் கண்ணை மறைக்கலாகாது என்பதே அதன் கருத்து.

மாற்றம் செவ்வனே நிறைவேறியதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் காரில் அமர்ந்து தடையை மிதித்தல் வேண்டும். மற்றொருவர் ஐம்பது அடி பின்னே சென்று, நேராகவும் இருபக்கங்களிலும் நின்று நோக்குதல் வேண்டும். நண்பகல் வெயிலில் ஒருமுறையும், இருளில் ஒருமுறையும் இவ்வாறு பார்த்தல் வேண்டும். காரில் இருப்பவரால் இதனை ஒருபொழுதும் அறிய இயலாது. பின்விளக்கின் நிறைகுறையைப் பின்னே நிற்பவரே கூற வல்லவர்.

விரைவுக் காருக்கு உரிய இவ்வறிவு ஆண்டிமடத்துச் சாலைக்கும் உரியதே. சாலையோரப் பட்டறையில் டிராக்டரின் டிரெய்லருக்கு விளக்குப் பொருத்தும் தொழிலாளியும், நகரத்தில் விரைவுக் காரின் விளக்கை மாற்றும் பொறியாளரும் ஒரே பணியையே செய்கின்றனர். அதிர்வைத் தாங்குதல், குறைந்த மின்சாரத்தில் எரிதல் ஆகிய எல்.இ.டி.யின் நற்பண்புகள் காரைவிட டிரெய்லருக்கே மிகுதியும் தேவை. எனினும் அங்கு வேறோர் இடர் உண்டு. ஏற்றிய கரும்பு டிரெய்லரின் எல்லையைக் கடந்து நீண்டு, தோகை தொங்கி, விளக்குகளை மறைத்துவிடும். சேறு படிந்தும் அவை மங்கிவிடும். மறைந்த விளக்கு எத்துணை உயர்ந்ததாயினும், இல்லாத விளக்கே ஆகும். பழுதாகிச் சாலையில் நிற்கும் இத்தகைய பாரத்தை, மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ இரவில் வீடு திரும்பும் ஒருவர், அருகில் நெருங்கும்வரை காணமாட்டார். கண்டபின் நிற்கவோ விலகவோ அவருக்குக் காலம் இராது. வீட்டில் அவர் வரவை எதிர்நோக்கி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாலையில் எரிய வேண்டிய விளக்கு எரியாமையால் அவர் வராமலே போகவும் கூடும்.

இதனைத் தடுக்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சிறு மின்கலத்தால் எரியும் செந்நிற எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பாரத்தின் கடைக்கோடியில் கட்டித் தொங்கவிடலாம். அதனோடு, தன்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் செந்நிறப் பட்டையையும் ஒட்டி வைக்கலாம். மின்கலம் தீர்ந்தாலும் அப்பட்டை தன் கடமையைச் செய்யும். புறப்படுமுன் ஒரு துணியால் விளக்கைத் துடைத்தல் வேண்டும். அன்று வண்டிக்காரர் அரிக்கேன் கண்ணாடியைத் துடைத்த அதே செயல்தான் இது.

முன்விளக்கு தன் வழியைத் தான் காண்பதற்கு. அதில் பழுது நேர்ந்தால் ஓட்டுபவர் உடனே அறிவார்; அன்றே சரிசெய்வார். பின்விளக்கு அணைந்தாலோ அவர் அறியார்; அவர் பயணத்திற்கு அதனால் தடையும் இல்லை. எனவேதான் பின்விளக்கைப் பேணுவதற்குத் தன்னலம் போதாது. பிறர்நலம் கருதும் உள்ளம் வேண்டும். மண்ணெண்ணெய்த் திரி போய் டங்ஸ்டன் இழை வந்தது. இழை போய் எல்.இ.டி. வந்தது. விளக்கு மாறினும் அதனை ஏற்றும் நோக்கம் மாறவில்லை. முகம் அறியாத ஒருவர் பின்னே வருகின்றார். அவர் நலமே வீடு சேரவேண்டும் என்பதே அந்நோக்கம்.

வினாக்கள்

1. மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே விளக்கைத் தொங்கவிட்டது எதற்காக?
2. மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும் ஊர்தி ஐந்தில் ஒரு நொடியில் எவ்வளவு தொலைவு கடக்கும்? கணக்கிடுக.
3. எல்.இ.டி. விளக்கு இழை பல்பினும் விரைந்து ஒளிதருவது எவ்வாறு?
4. பழைய காரில் பின்விளக்கை மாற்றும்பொழுது கருதவேண்டியன யாவை?
5. ‘மறைந்த விளக்கு இல்லாத விளக்கே’ என்பதை விளக்கி, உங்கள் ஊர்ச் சாலையில் கண்ட ஊர்திகளின் பின்விளக்குகளைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.